ஐந்தாம் பெட்டி

புதன் நள்ளிரவு
கொழும்பிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
மௌன காலம் தொடங்கிவிட்டது,
இலக்கம் எதையும் எவரிடமும் பேச வேண்டாம்.
நாட்கூலியும் சாப்பாட்டுக் காசும் தந்தவர்கள்
இப்போது வாயையும் கேட்கிறார்கள்.
கொடுத்தேன்.

விடியற்காலை, குருமண்வெளித் துறை.
பாதை இன்னும் அக்கரையில் நிற்கிறது.
இரண்டு கிழமையாய் டெப்பை மழைச்சட்டைக்குள் பொத்திக்கொண்டு
இதில் போய்வந்தவளை எல்லாருக்கும் தெரியும்.
"என்னகா புள்ள, ஆர் வாறான்?"
மீன்பெட்டிக்காரர் கேட்கிறார்.
"தெரியா மாமா."
"நீதானே எண்ணின?"

எண்ணினேன்தான்.
மண்டூர், வெல்லாவெளி, அங்கால மருதமுனை, நற்பிட்டிமுனை,
நானூற்றுப் பன்னிரண்டு வாசல்.
கேள்வி ஏழு: நாளைக்கே தேர்தல் என்றால் யாருக்கு?
நாலு பெட்டியில் நாலு பக்கம்.
ஐந்தாவதில்
தெரியாது, அல்லது சொல்ல விருப்பமில்லை.

நவமணி வெங்காயம் உரித்தபடி சொன்னாள்,
"நீங்க எதை எழுதினாலும் சரி,
எங்கட பேரை மட்டும் எழுதாதீங்க."
ஆதம்பாவா கையிலிருந்த சீமெந்துத் தூசைத் தட்டினார்.
"உங்கள ஆர் அனுப்பின எண்டு முதல்ல சொல்லுங்க தங்கச்சி,
மறுகா நான் ஆருக்கெண்டு சொல்றன்."
இன்னொரு வீட்டில் புருஷன் ஒன்றாம் பெட்டி என்றார்.
அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம்
மனைவி மூன்று விரலைக் காட்டினாள்.
படிவத்தில் வீட்டுக்கு ஒரு மறுமொழிதான்.

கேட்பவன் முகம் பார்த்துப் பதில் சொல்லி
உயிரோடு மிஞ்சிய ஊர்கள் இவை.
வாக்குச்சீட்டுக்கு மறைப்புக் கட்டுவதற்கு முந்தியே
எங்களுக்கு மறைப்புத் தெரியும்.

வியாழன் மத்தியானம்
வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது.
மட்டக்களப்பில் அறுபத்தொன்று தசம் நான்கு வீதம்!
சுயாதீன ஆய்வு!
நிறுவனத்துக்குப் பேரில்லை.
எந்த வாசலில் நின்றார்கள் என்றுமில்லை.
தசமத்துக்குப் பின்னால் அந்த நான்கு மட்டும்
நம்பிக்கைக்காக.
மாமி மகன் அனுப்பினான், பிறகு சங்கீத டீச்சர்,
பின்னேரம் மீன்பெட்டிக்காரரும்.

பொய் என்று எழுதினேன்.
அழித்தேன்.
பொய்யென்றால் மெய் எத்தனை வீதம் என்று கேட்பார்கள்.
எண்ணாதவனுக்கு வாய்ப்பூட்டு இல்லை.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை.
வெல்லுகிறவன் பின்னால் ஓடும் கால்களைப் பார்த்திருக்கிறேன்,
அதில் ஒருமுறை என் கால்களும் இருந்தன.
இரண்டு நாளாவது
ஒரு ஆள் தன்னோடு தனியே இருக்கட்டும் என்று
எவரோ நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள்.
எழுதியவர் கையில் அப்போது
கைத்தொலைபேசி இருந்திருக்காது.

இரவு, வேட்பாளரின் ஆள்
மோட்டார்சைக்கிளை ஒழுங்கைக்குள் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.
மேசையில் ஒரு கவர்.
"வீதம் மட்டும் போதும். ஊருக்குச் சொல்ல மாட்டம்."
என் கொப்பியில் முன்னுக்கு நிற்பது
ஐந்தாம் பெட்டி.
அதைச் சொல்லியிருந்தால்
கவரை அவரே திருப்பி எடுத்திருப்பார்.
சொல்லாமலே எடுத்துப்போகச் சொன்னேன்.
கதவைச் சாத்திய பிறகுதான் கை நடுங்கியது.

சனிக்கிழமை.
பாடசாலை மண்டபம், அட்டை மறைப்பு,
நூலில் கட்டிய பென்சில், சின்னி விரலில் மை.
கேற்றைத் தாண்டி வாகை மரத்தடியில்
டெப்போடு ஒரு பொடியன்,
கழுத்தில் அட்டை இல்லை.
"அக்கா, ஒரு நிமிசம். ஆருக்குப் போட்டீங்க?
பேர் வேணாம்."
என்னுடைய வசனம்.
பேர் வேணாம் என்பதற்கு முன் விடுகிற சிரிப்பும்
நான் கண்ணாடியில் பழகியது.

"நாலு மணிக்கு முதல் இதை வெளியில விட்டா
மாட்டுவாய் தம்பி."
"இல்லக்கா, சும்மா கொம்பனிக்கு."
"அஞ்சாவது."
விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான்.
அவனுடைய படிவத்தில் நாலு பெட்டிதான்.
முதல் துளி கண்ணாடித் திரையில் விழுந்தது.

"ஏதாவது ஒண்டச் சொல்லுங்கக்கா,
மழை வருது."